கியர்பாக்ஸ் கொதிக்கிறது

மே 9, வெள்ளி

போடி – பூப்பாறை – போடி. பயணிகள் இரண்டு: நான், என் வீட்டுக்காரி பவுன்தாயி. தாமதம்: நாற்பது நிமிடம். காரணம்: கியர்பாக்ஸ்.

முப்பத்தோரு வருடம் டிரிப் ஷீட் எழுதின கை. ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் எழுதாமல் விட்டால் எவனோ மெமோ கொடுக்கப் போகிறான் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மகள் தமயந்தியைப் பார்க்கப் போனோம். பூப்பாறையில் மருமகனுக்கு ஏலக்காய் எஸ்டேட் ஆபீஸில் வேலை. ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிறு வளைகாப்பு என்று நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்கே அவளைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். ஓட்டிக்கொண்டு வருவது நான். அதில் யாருக்கும் பேச்சு இல்லை.

பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அவளுக்கு மலைப்பாதை ஆகாது. வேறு யார் ஓட்டினாலும் மூன்றாவது வளைவில் வாந்தி. நான் ஓட்டினால் வராது. இன்றைக்கும் மருமகன் எதிரிலேயே சொன்னாள்: "அப்பா, நீங்க ஓட்டுறதுன்னாத்தான் நான் எறங்குவேன். இல்லாட்டி இங்கிட்டே பெத்துக்கிறேன்." மாப்பிள்ளை இளமுருகு சிரித்துக்கொண்டார். மனுஷன் கிளட்சே மிதித்தறியாதவர். எஸ்டேட் முதலாளியின் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டப் பழகி, அதையும் டிரைவிங் என்று சொல்லிக்கொள்கிறவர்.

நானும் இப்போது ஆட்டோமேட்டிக்தான். அது வேறு கதை. என் இடது முட்டியைக் கிளட்ச் தின்றுவிட்டது. கவர்மென்ட் பஸ் கிளட்சை ஒரு நாள் மிதித்துப் பார்த்தால் தெரியும்.

இன்றைக்கு ஏறும்போது பதினோராவது வளைவில் மஞ்சள் விளக்கு. கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கிறதாம். போன மாதத்திலிருந்து இது நாலாவது தடவை. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். கடந்துபோன ஒவ்வொரு பஸ்ஸும் எனக்கு ஹாரன் அடித்தது. எல்லாம் நான் வேலை கற்றுக்கொடுத்த பயல்கள். மானம் போய்விட்டது. போதாததற்கு முன்னால் போன லாரியின் பிரேக் கருகின நாற்றம் வேறு மூக்கில் ஏறியது.

"ஏத்தத்துல எதுக்குங்க லாரிக்காரன் பிரேக் அடிக்கிறான்?" என்று கேட்டாள் பவுன்தாயி.

இவளுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?

மே 10, சனி

ஜெயினு பாய் பட்டறை. இருபது வருடப் பழக்கம். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"கருகிப் போச்சுண்ணே. மாத்தணும். தனியா ஒரு கூலர் போட்டுட்டா நல்லது. ஆனா ஒண்ணு, இந்த வண்டி இந்த மலைக்குக் கொதிக்கக் கூடாது. தேனி பல் டாக்டர் இதே மாடலத்தான் வாராவாரம் மூணாறுக்கு ஓட்டுறாரு. ஒரு தடவகூடக் கொதிச்சதில்ல."

பல் டாக்டர் மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போவார். எவனுக்கு யாரோடு ஒப்பீடு!

மே 12, திங்கள்

கூலர் என்றால் ஒரு கூலர்தானே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு குழாயை வளைத்து வளைத்து நடுவில் தகடு செருகினது ஒரு வகை. தட்டுத் தட்டாக அடுக்கினது இன்னொரு வகை. அதில் எட்டுத் தட்டு, பதிமூன்று தட்டு, பத்தொன்பது தட்டு. மின்விசிறி உள்ளது, இல்லாதது. மதுரையில் மூன்று கடைக்குப் போன் போட்டேன். முதல் கடைக்காரன் ஏ.ஸி. கூலரா என்றான். இரண்டாவது கடைக்காரன் "எல்லாத்துக்கும் சேரும் சார், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறவனிடம் எவன் வாங்குவான்? மூன்றாவது கடையில் போனை எடுத்த பெண் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் ஏழு வீடியோ அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரு தாடிக்காரன் பாலைவனத்தில் நின்று பேசுகிறான். கூடவே ஒரு வரி: "மாமா, வேணும்னா அன்னைக்கு வாடகை வண்டி பேசிரலாம்." பதில் போடவில்லை.

மே 13, செவ்வாய்

சர்க்கரை மாத்திரை போடவில்லை என்று காலையிலேயே சண்டை. இந்த வீட்டில் கொதிப்பது கியர்பாக்ஸ் மட்டுமில்லை.

மே 15, வியாழன்

ஆன்லைனில் போட்ட கூலர் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை அளவு. பைக்குக்குப் போடுகிறதாம். படத்தில் கதவு மாதிரி தெரிந்தது. பவுன்தாயி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இடியாப்பத் தட்டுன்னு நெனச்சேன்" என்றாள். பேசாமல் திருப்பி அனுப்பப் பொட்டலம் கட்டினேன். ஒட்டுகிற டேப்பைத் தேடி ஒரு மணி நேரம் போயிற்று.

மே 17, சனி

பவுன்தாயியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கத்தை அளந்தேன். ஏ.ஸி.க்கு முன்னால் பதினோரு இஞ்சு அகலம், ஏழு இஞ்சு உயரம். ஆழம் இரண்டு விரற்கடை. ஹாரனை இடம் மாற்றினால் இன்னொரு இஞ்சு கிடைக்கும்.

அளந்து முடித்து டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒத்தச் செருப்போட வாரீகளே, இன்னொண்ணு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. நினைப்பெல்லாம் கூலரில் இருந்தால் செருப்பு எங்கே ஞாபகம் இருக்கும்? வார் தளர்ந்துவிட்டது. வேறு செருப்பு வாங்க வேண்டும்.

"வெயில்ல தார் ரோட்டுல நடந்து வந்திருக்கீக. சுடலையா?"

சுட்டது என்று சொன்னேன். சொல்லாவிட்டால் விடுவாளா?

மே 19, திங்கள்

மதுரைக்கே போய்விட்டேன், பஸ்ஸில். போனில் பேசினால் ஒரு காரியமும் நடக்காது. நாலாவதாக ஏறின கடையில் ஒரு நரைத்த மீசைக்காரர் என்னை உட்கார வைத்து ஒழுங்காகப் பேசினார். தட்டு அடுக்கினதுதான் மலைக்கு நல்லது, அதே அளவில் அதிகச் சூட்டை இறக்கும் என்றார். பத்தொன்பது தட்டைக் காட்டி, "பெருசா இருக்கேன்னு ஆசப்படாதீங்க. உங்க வண்டில எடமும் இல்ல, மேல குளிர்ல எண்ண சூடேறாமலே கெடக்கும். அதுவும் கெடுதிதான்" என்றார். பதிமூன்று தட்டு, பின்னால் சின்ன மின்விசிறியோடு. ரேடியேட்டருக்குள் ஏற்கெனவே இருக்கிற கூலரைக் கழற்றாமல், அதிலிருந்து வெளியே வருகிற எண்ணெயை இதற்குள் விட்டு, அப்புறம் கியர்பாக்ஸுக்கு அனுப்ப வேண்டும். சூடு காட்ட ஒரு மீட்டரும் வாங்கினேன்.

ஒரு நல்ல மனுஷரைப் பார்த்த திருப்தியோடு திரும்பினேன். உசிலம்பட்டி தாண்டி பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. கிளட்ச் ப்ளேட் போய்விட்டதாம்.

மே 21, புதன்

கூலர் மாட்டியாகிவிட்டது. பாய் சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தார். முன் பிரேக் பேடு தேய்ந்து இரும்பு தெரிகிறது.

"போன அக்டோபர்லதானண்ணே போட்டோம்?"

"போலிச் சரக்கைப் போட்டுட்டு என்னையக் கேக்குறீங்களா பாய்?"

பாய் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். புதுசு மாட்டினார். இந்த ஊமைப் பார்வைதான் எனக்குப் பிடிக்காது.

மே 23, வெள்ளி

சோதனை ஓட்டம். தனியாகப் போனேன். அடிவாரம் முந்தலில் மீட்டர் எண்பத்தைந்து. ஆறாவது வளைவில் நூற்றிரண்டு. பன்னிரண்டாவதில் நூற்று இருபத்தொன்று! மஞ்சள் விளக்கு, அதே நாற்றம். பதிமூன்று தட்டும் மின்விசிறியும் நரைத்த மீசைக்காரரும் நாசமாய்ப் போக.

போடிமெட்டில் டீ குடிக்கும்போது என் பின்னாலேயே பஸ் ஓட்டி வந்த அழகுவேல் இறங்கி வந்தான்.

"அண்ணே, ஒங்க பிரேக் லைட்டு அணையவே இல்லியே. அடிவாரத்துலருந்து எரிஞ்சுக்கிட்டே வருது. சுவிட்சப் பாருங்க."

பாயிடம் வேலைக்கு விட்டால் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்துவிடுவார்.

மே 24, சனி

பாயிடம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இருபது வருடத்தில் இப்படிப் பேசினதில்லை. சுவிட்சைச் சோதித்தார். நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் புதுசு மாட்டச் சொன்னேன், மாட்டினார். "திங்கக்கெழம நானும் கூட வாரேண்ணே" என்று மட்டும் சொன்னார்.

தமயந்தி போன் செய்தாள். வளையல் என்ன நிறம் வாங்கட்டும் என்று பவுன்தாயியிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, என்னிடம், "வண்டி ரெடியாப்பா?" என்றாள். ரெடி என்றேன்.

மே 26, திங்கள்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

பாய் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். மீட்டரை அவர் பார்க்கவே இல்லை. கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். நாலாவது வளைவு தாண்டினதும் ஓரங்கட்டச் சொன்னார்.

"அண்ணே, ஒங்க இடது காலு எங்க இருக்கு?"

"கால்மிதி மேட்டு மேல. வேற எங்க இருக்கும்?"

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தேன். வலது கால் பிரேக்கில் இருந்தது, வண்டியை நிறுத்தியிருப்பதால். அதன் பக்கத்தில் இடது காலும் பிரேக் மேல் இருந்தது. குலசாமி சத்தியமாக அது கால்மிதியில் இருக்கிறதென்றுதான் நினைத்தேன்.

"ஏறும்போது ஃபுல்லா இது மேலயேதாண்ணே இருந்துச்சு. வலது காலு முடுக்குது, இடது காலு புடிக்குது. நடுவுல கெடந்து கியர்பாக்ஸ் சாவுது. எத்தன கூலர் போட்டாலும் அடங்காது."

முப்பத்தோரு வருடம் கிளட்ச் மேலேயே மிதந்த கால். பழக்கதோஷம். எந்த பஸ் டிரைவரைப் பிடித்து ஆட்டோமேட்டிக்கில் உட்கார வைத்தாலும் இடது கால் கிளட்சைத் தேடத்தான் செய்யும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பாயிடமும் அதைத்தான் சொன்னேன்.

"பழக்கம்னா சரி. கால எடுத்துட்டா முடிஞ்சுபோச்சு" என்றவர், "கண்ண மூடுங்க" என்றார். எதற்கு இந்த விளையாட்டு என்றேன். மூடுங்க என்றார். மூடினேன்.

"எந்த வெரல்னு சொல்லுங்க."

"மொதல்ல தொடுங்க பாய், அப்பறம் சொல்றேன்."

கண்ணைத் திறந்தேன். ஸ்குரூ டிரைவர் முனை என் இடது கால் சுண்டுவிரலில் குழியாகப் பதிந்திருந்தது.

உட்கார்ந்தே வந்ததில் கால் மரத்துப்போயிருக்கும்.

மே 27, செவ்வாய்

காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்து ஓட்டிப் பழகினேன். பைபாஸில் பத்து கிலோமீட்டர் நன்றாகத்தான் போயிற்று. டோல்கேட் பக்கம் குனிந்து பார்த்தால் மறுபடியும் பிரேக் மேல். யார் எடுத்து அங்கே வைத்தது? அசிங்கமாக வாயில் வந்தது.

மே 28, புதன்

பவுன்தாயி என் இடது குதிகாலிலிருந்து ஒரு நெருஞ்சி முள்ளை எடுத்தாள். சீழ் வைத்திருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். இன்றைக்குத்தான் என்றேன். முள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அவள் வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 30, வெள்ளி

நாளை மறுநாள் வளைகாப்பு. கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று விடிந்ததும் தனியாக எடுத்தேன். இடது காலைத் துண்டால் சீட்டின் இரும்போடு கட்டிக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஏறும்போது மீட்டர் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் போகவில்லை. போடிமெட்டில் டீ குடிக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீக்கடைக்காரனிடம் பேரனா பேத்தியா என்று பந்தயம்கூடக் கட்டினேன்.

இறங்கும்போது துண்டு அவிழ்ந்திருக்கிறது. எப்போது அவிழ்ந்தது என்று தெரியாது. ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் வலது காலால் பிரேக்கை மிதித்தேன். பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. வண்டி நிற்கவில்லை. கால் உரசி உரசிப் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கியரை லோவுக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, மலைப்பக்கச் சுவரில் கதவை உராய விட்டு நிறுத்தினேன். முப்பத்தோரு வருட வேலை கைகொடுத்தது. எதிரே வண்டி வரவில்லை. வந்திருந்தால் அவ்வளவுதான்.

கல்லில் உட்கார்ந்தேன். பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதில் தமயந்தி உட்கார்ந்திருப்பாள், கை நிறைய வளையலும் வயிற்றுப் பிள்ளையுமாக. என் சர்வீஸில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரத்தை ஏற்றினதில்லை நான்.

பாய்க்குப் போன் போட்டேன். வந்து வண்டியை எடுத்துப் போனார். அன்றைக்குப் பேசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, ஆயில் மாத்தி நாளைக்குச் சாயங்காலம் தாரேன்" என்றார்.

மே 31, சனி

மாப்பிள்ளைக்குப் போன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போடிக்கு இறங்கி வரச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "சரி மாமா" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக அவரைப் பற்றி எழுதினதையெல்லாம் அடித்துவிடலாம்தான். டிரிப் ஷீட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.

ஜூன் 1, ஞாயிறு

போடி – பூப்பாறை – போடி. டிரைவர்: இளமுருகு.

ஏறும்போது மீட்டர் எண்பத்தெட்டைத் தாண்டவில்லை. சீர்த்தட்டு, பழக்கூடை, மூன்று பேர் கனம், ஏ.ஸி. வேறு. நல்ல கூலர்தான். மீசைக்காரரைத் திட்டினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. கலவைச் சோறு தீர்ந்து, கிளம்பும்போது தமயந்தி கார் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் புருஷன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது? நீங்கதான ஓட்டுறதாப் பேச்சு?"

கூட்டமெல்லாம் பார்க்கிறது. முட்டி வலி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பவுன்தாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங் காலுக்கு உணர்ச்சி இல்ல தாயி. இடது காலு. எங்க வைக்கிறேன்னே எனக்குத் தெரியல. ஒன்னைய வச்சு நான் ஓட்ட மாட்டேன்."

இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். நான் அவள் பக்கத்தில் ஏறினேன்.

மூன்றாவது வளைவில் வாந்தி. ஐந்தாவதில் இன்னொரு தடவை. துண்டைப் பிடித்துக்கொண்டே மாப்பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்தேன். "இப்ப லோ போடுங்க. வளைவுக்கு முன்னாடியே அமுக்குங்க, வளைவுல அமுக்காதீக. விடுங்க. பைய. இப்பத் திருப்புங்க." அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஒரு இடத்தில்கூட எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் வேலை கற்ற எந்தப் பயலும் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. ஒன்பதாவது வளைவு தாண்டினதும் தமயந்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முந்தல் வரைக்கும் நான் வாயை மூடவில்லை.

ஜூன் 2, திங்கள்

சர்க்கரை டாக்டரிடம் போனேன். தானாகப் போனேன் என்று எழுதிக்கொள்கிறேன், பவுன்தாயி கூட வந்திருந்தாலும். எட்டு மாதமாக ஏன் வரவில்லை என்று கத்தினார். சர்க்கரையால் போன உணர்ச்சி திரும்புமா என்பது சந்தேகமாம், இனிமேலாவது புண்ணில்லாமல் காலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். குனிந்து மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார். நானும் திரும்பக் கேட்கவில்லை.

சாயங்காலம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். தமயந்தி மெல்ல வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். என் இடது பாதத்தின் மேல் கையை வைத்தாள்.

"இப்பத் தெரியுதாப்பா?"

தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைத்தாச்சி, சந்தோஷப்பட்டிருப்பாள்.

"இல்ல தாயி."

சரி என்று தலையாட்டினாள். கையை எடுக்கவில்லை. அது அங்கேயே இருப்பதை நான் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.